மகளை விழவிடாத இரண்டு மாதங்கள்

என் மனைவி தேன்மொழியின் கொலுசு இறுகிப்போனதுதான் எங்களுக்குத் தெரிந்த முதல் அறிகுறி. ஏழாவது மாதம். வளைகாப்பு அலைச்சலில் பாதம் வீங்கியிருக்கும் என்று நினைத்து, சோப்பு போட்டுக் கழற்றி வைத்தோம். மறுநாள் காலையில் தலைவலி என்றாள். மதியம் கண்ணுக்குள் மின்மினி பறக்கிறது என்றாள். விருத்தாசலத்தில் நாங்கள் பார்த்த டாக்டர் ரத்த அழுத்தத்தை ஒருமுறை பார்த்தார். பட்டையைக் கழற்றி மறு கையில் கட்டி இன்னொருமுறை பார்த்தார். பிறகு ஆம்புலன்சுக்குப் போன் செய்தார்.

கடலூரில் பெரிய ஆஸ்பத்திரி. ப்ரீ எக்ளாம்ப்சியா என்றார்கள் (கர்ப்ப காலத்தில் தாயின் ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரகம், ஈரல், மூளை என்று ஒவ்வொன்றாகத் தொடும் நோய், குழந்தையை வெளியே எடுத்தால்தான் அடங்கும்).

"அம்மாவக் காப்பாத்தணும்னா பாப்பாவ இன்னிக்கே எடுத்தாகணும். முப்பது வாரந்தான் ஆவுது. இங்க கையெழுத்து போடுங்க" என்றார் டாக்டர்.

"பாப்பா?"

"பாப்பாவப் பத்தி அப்புறம் பேசலாம்."

அந்த 'அப்புறம்' என்ற வார்த்தையோடு மூன்றரை வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். இதை ஏதாவது ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து போனில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். உங்களிடமும் யாராவது அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பார்கள்.

எனக்கு இருபத்தெட்டு வயது. செராமிக் டிப்ளமா படித்துவிட்டு, விருத்தாசலம் தொழிற்பேட்டையில், கரண்டுக்கான ஃபியூஸ் கேரியர் மாதிரிப் பொருள்கள் செய்யும் ஒரு பீங்கான் யூனிட்டில் மோல்டு செய்கிறேன். மோல்டு என்றால் ப்ளாஸ்டரில் செய்த அச்சு. அதில் களிமண் குழம்பை ஊற்றினால் ப்ளாஸ்டர் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், பொருள் உருவாகி நிற்கும். எதையும் படித்துத் தெரிந்துகொண்டால் பாதி ஜெயித்த மாதிரி என்று நம்புகிற ஆள் நான். தேன்மொழி உண்டான நாளிலிருந்தே போனில் ஒரு ஆப் வைத்திருந்தேன். இந்த வாரம் குழந்தை எலுமிச்சை அளவு, இந்த வாரம் கத்தரிக்காய் அளவு என்று சொல்லும். ஏழு மாதத்துக்கு முன்பே குழந்தைக்குக் காது கேட்க ஆரம்பித்துவிடும், அம்மாவின் குரலை உள்ளிருந்தே பழகிக்கொள்ளும் என்று அதில் படித்த நாள் முதல், வேலை முடிந்து வந்ததும் அவள் வயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைக்கு என்ன வேலை பார்த்தேன் என்று சொல்வேன்.

"புள்ள ஃபியூஸ் கேரியர் மாதிரியே பொறக்கப் போவுது பாரு" என்று தேன்மொழி சிரிப்பாள்.

மகள் ஒரு கிலோ நூற்றைம்பது கிராமோடு பிறந்தாள். மூக்கில் சிபாப் (நுரையீரல் மூடிக்கொள்ளாதபடி மெல்லிய அழுத்தத்தில் காற்று கொடுக்கும் கருவி). கண்ணாடிப் பெட்டிக்குள் அவளுடைய முழங்கை என் கட்டைவிரல் நகம் அளவு இருந்தது. தேன்மொழிக்குப் பிரசவத்துக்குப் பின் வலிப்பு வந்து, வேறொரு மாடியில் ஐசியூவில் இருந்தாள்.

ஆப்புக்கு இதெல்லாம் தெரியாது. அடுத்த திங்கட்கிழமை அது சொன்னது: 'வாழ்த்துகள்! உங்கள் குழந்தை இந்த வாரம் ஒரு தேங்காய் அளவு. கருப்பைக்குள் கண்களைத் திறந்து மூடிப் பழகுகிறது.' நான் நிமிர்ந்து பார்த்தேன். பெட்டிக்குள் அவள் கண்களைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அழித்துவிடலாம் என்று எடுத்த விரலை அப்படியே நிறுத்தினேன். இடம் மாறிப்போனது. அவள் வேலை மாறவில்லை. கருப்பைக்குள் செய்ய வேண்டியதை ட்யூப்லைட் வெளிச்சத்தில் செய்துகொண்டிருந்தாள். அந்த ஆப்பைப் பத்து வாரமும் விடாமல் படித்தேன்.

எட்டாம் நாள் சிஸ்டர் வந்து, "சட்டையக் கழட்டுங்க" என்றார்.

"எதுக்கு சிஸ்டர்?"

"புள்ளயத் தூக்கத்தான். அம்மா ஐசியூல இருக்காங்கல்ல. ஒங்க நெஞ்சுலயும் சூடு இருக்குதுதானே, அது போதும்."

கங்காரு பராமரிப்பு என்று பெயர் (குறைமாதக் குழந்தையைத் தோலோடு தோலாக நெஞ்சில் கட்டிவைத்து, உடம்புச் சூட்டிலேயே வளர்ப்பது). அந்த வார்டில் அதைச் செய்த முதல் ஆம்பளை நான்தான் போல. கதவிடுக்கில் எட்டிப் பார்த்த ஒரு பெரியவர், "இன்னா தம்பி, பாலும் வருதா?" என்றார்.

"வந்தா ஒங்க பேரனுக்கும் தரேண்ணே."

அவள் என் மேல் கிடந்தபோது மெல்லப் பேசுவேன். அதே ஃபியூஸ் கேரியர் கதைதான். மானிட்டரில் இதயத் துடிப்பின் எண் கொஞ்சம் தணியும். என் குரலால்தான் தணிந்தது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பத்தொன்பதாம் நாள் தேன்மொழியைச் சக்கர நாற்காலியில் கூட்டி வந்தார்கள். மகளை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டாள். குழந்தை நெளிந்தது, சிணுங்கியது. அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "அவளுக்கு ஒன் வாசனதான் தெரியுது."

எனக்கு அப்போது அது பாராட்டு மாதிரிக் கேட்டது. எவ்வளவு மக்கு நான்.

மகிழினி என்று பெயர் வைத்தோம். வீட்டுக்கு வந்த பிறகு டாக்டர் ஒன்றை விளக்கினார். திருத்திய வயது (பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணும் வயது). இரண்டு வயது வரை இவளை அந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். இதை நான் புரிந்துகொண்டேன். ஊருக்குப் புரியவைக்க முடியவில்லை. கருவேப்பிலங்குறிச்சியில் கட்டிக்கொடுத்த என் அக்காவுக்கும் அதே மாதம் பெண் பிறந்திருந்தது, நிறைமாதத்தில். அது குப்புற விழுந்தது, தவழ்ந்தது, பீரோ கைப்பிடியைப் பிடித்து நின்றது. மகிழினி போட்ட இடத்தில் கிடந்தாள். தூக்கி நிறுத்தினால் கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரிப் பின்னிக்கொண்டன.

பதின்மூன்றாவது மாதம் ஸ்கேன் எடுத்தார்கள். பெருமூளை வாதம் (பிறப்பை ஒட்டி மூளையில் பட்ட காயத்தால் தசைகளின் கட்டுப்பாடு கெடுவது, காயம் பரவாது, ஆனால் குழந்தை வளர வளர அதன் பாதிப்பு வெவ்வேறு விதமாகத் தெரியும்). கால்களில்தான் விறைப்பு அதிகம் என்றார் டாக்டர்.

"நடப்பாளா சார்?"

"இப்ப சொல்ல முடியாதுங்க. ரெண்டு வயசுக்குள்ள சாயாம தானா ஒக்காந்துட்டா, நடக்கறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்குது. மொதல்ல ஒக்காரட்டும். நடக்கறதப் பத்தி அப்புறம் பாக்கலாம்." தெரபிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

எனக்கு ஒரு எல்லைக்கோடு கிடைத்துவிட்டது. இரண்டு வயதுக்குள் உட்கார வேண்டும். பதினோரு மாதம் இருக்கிறது.

அக்கா வேறு வழியில் போனாள். எங்கள் பக்கத்தில் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவார்கள். போலீஸ் ஸ்டேஷனில் கொடுப்பது போலவே குறையைத் தாளில் எழுதி, சாமி முன் வைத்துக் கட்டிவிட்டு வருவது. தாளும் பேனாவுமாக வீட்டுக்கு வந்தாள்.

"புள்ள வயசு என்னாடா எழுதறது? ஒரு வயசு ஒரு மாசம்தானே?"

"பத்தரை மாசம்னு எழுது."

"சாமிகிட்டயே பொய் வயசு எழுதச் சொல்றியா?"

"பொய் இல்லக்கா. டாக்டர் கணக்கு அதான்."

"டாக்டருக்கா பிராது குடுக்கறோம்?" என்றவள் தன் கணக்கையே எழுதினாள். 'ஒரு வயது ஒரு மாதம் ஆகியும் உட்காரவில்லை.' அதைப் படித்தபோது என் காது சூடானது. யார் மேல் இந்தப் புகார்? அவள் மேலா? சாமி விசாரிப்பதற்குள் நானே தீர்த்துவிடுகிறேன் என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன்.

ஈரமாக இருக்கும்போது சாய்ந்த பொருள் சாய்ந்தபடியே காயும். சூளைக்குள் போனபின் யாராலும் நிமிர்த்த முடியாது. ஆகவே ஈரமாக இருக்கும்போதே முட்டுக் கொடுக்க வேண்டும். எங்கள் தொழிலுக்கு வந்த முதல் வாரமே சொல்லித்தருகிற பாடம் இது. குழந்தையின் மூளை முதல் இரண்டு வருடம் ஈரக் களிமண் மாதிரி என்று எங்கேயோ படித்திருந்தேன். இரண்டும் தலைக்குள் ஒட்டிக்கொண்டன.

ஒரு பெரிய தொட்டியில் மிருதுவான களிமண்ணைப் பரப்பி, பிளாஸ்டிக் தாள் விரித்து, தேன்மொழியை மகளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, குழந்தையின் முதுகும் இடுப்பும் தொடையும் பதிய வைத்தேன். அந்தப் பதிவிலிருந்து ஒரு வார்ப்பு, அந்த வார்ப்பின் மேல் ப்ளாஸ்டரில் ஒரு இருக்கை. உள்ளே ஸ்பாஞ்சு, அதன் மேல் பழைய சேலை. சூளை பார்க்கும் அன்வர் பாய் மங்கலம்பேட்டைக்காரர். ப்ளாஸ்டர் கலக்கிக் கொடுத்தவர் அவர்தான். "தம்பி, இவ்ளோ ஃபினிஷிங் நம்ம கம்பெனி மாலுக்கு நீ ஒருநாளும் போட்டதில்ல" என்றார்.

மகிழினி அதில் கச்சிதமாகப் பொருந்தினாள். முதுகு நேராக, தலை நிமிர்ந்து, ராணி மாதிரி. போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். அக்கா போனிலேயே அழுதாள். தெரபிக்கு உடனே போகவில்லை. முடித்த வேலையைக் கொண்டுபோய்க் காட்டலாம் என்று தள்ளிப்போட்டேன். தவறு என்னுடையது என்பதால் தெளிவாகவே எழுதுகிறேன். சீட்டு கையில் இருந்தும் இரண்டு மாதம் போகவில்லை.

போன அன்று அந்த இருக்கையையும் பஸ்ஸில் எடுத்துப் போனேன்.

"இன்னாங்க இது, சிலையா?" என்றார் கண்டக்டர்.

"என் பொண்ணு ஒக்கார்றது."

"எங்க பஸ்ஸு சீட்டு அவ்ளோ மோசமாவா இருக்குது?" பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், பெருமையாக.

தெரபிஸ்ட் என் வயதுப் பெண். மகள் இருக்கையில் உட்கார்ந்திருந்ததைச் சுற்றி வந்து பார்த்தார். "நல்லா செஞ்சிருக்கீங்க" என்றார். பிறகு அவளைத் தூக்கி, தரையில் விரித்த பாயில் உட்கார வைத்து, ஒரு நொடி கையை எடுத்தார்.

மகிழினி பக்கவாட்டில் மூட்டை மாதிரிச் சாய்ந்தாள். பாதியில் தெரபிஸ்ட் தாங்கிக்கொண்டார். மறுபடியும் வைத்தார். மறுபடியும் அதே.

"கையப் பாத்தீங்களா சார்? விழும்போது கைய ஊனவே இல்ல. விழறோம்னே அவளுக்குத் தெரியல."

"அதான் விழாம இருக்கறதுக்கு…"

"விழற புள்ளதான் சார் கை ஊனக் கத்துக்கும். சாயற புள்ளதான் நிமிரக் கத்துக்கும். நீங்க ஒரு தடவகூட சாய விடல. அந்த அச்சுதான் ஒக்காந்திருக்குது, இவ ஒக்காரல."

நான் விவாதம் செய்தேன். ஈரம், முட்டு, இரண்டு வருடம் என்று படித்ததையெல்லாம் கொட்டினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "நீங்க படிச்சது சரி. ஆனா களிமண்ணு தானா அசையாதுல்ல?" என்றார். வாரம் இரண்டு நாள் வரச் சொன்னார். வீட்டில் தரை, பாய், அவ்வளவுதான் என்றார்.

திரும்பி வந்து தேன்மொழியிடம் சொன்னபோது, அவள் பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை.

"ரெண்டு மாசமா அவ பாத்ததெல்லாம் எதிர்ல இருக்கற செவுரு ஒண்ணுதான். நான் பக்கத்துல ஒக்காந்து கூப்புட்டா திரும்பிப் பாக்க முடியாம கத்துவா. சொன்னேனா இல்லியா? 'படிச்சுப் பாரு'ன்னு ஃபோன நீட்டின."

"சொன்ன."

"வாசனையத்தான் நீ எடுத்துக்கிட்ட. திரும்பிப் பாக்கறதயாவது எனக்கு வுட்டுருக்கலாம்."

பத்தொன்பதாம் நாள் அவள் சொன்னதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்குப் போய்ச் சேர்ந்தது. இருக்கையை மறுநாள் யூனிட்டுக்கு எடுத்துப்போய், உடைந்த ப்ளாஸ்டர் குவியலில் போட்டேன்.

இனி தரையின் கதை. கடினமான மூன்று வாரங்கள் என்று மட்டும் சொன்னால் அது பொய். முதல் மூன்று வாரத்தில் எதுவுமே நடக்கவில்லை என்பதுதான் உண்மை. தடித்த ஜமுக்காளத்தின் மேல் உட்கார வைப்போம். சாய்வாள். விழுவாள். பக்கத்தில் இருந்துகொண்டு பிடிக்காமல் இருக்க வேண்டும். என் கைகள் சொன்ன பேச்சு கேட்கவில்லை. ஆகவே அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொள்வேன். விறைத்த கால்களை நீவி விடும் பயிற்சியில் அவள் அழுவாள். அழுகிற குழந்தையிடம் அப்பா வில்லனாக இருப்பது எப்படி என்று எந்த ஆப்பும் சொல்லித் தராது.

ஒன்றை மட்டும் கவனித்தேன். விழுந்ததும் அவள் தரையைப் பார்க்க மாட்டாள், எங்கள் முகத்தைத்தான் பார்ப்பாள். எங்கள் முகம் பதறினால் அழுவாள். பதறாவிட்டால் ஒரு நொடி யோசிப்பாள். நடந்தது ஆபத்தா இல்லையா என்பதைக் குழந்தைகள் பெரியவர்களின் முகத்திலிருந்துதான் படிக்கிறார்கள் என்று தெரபிஸ்ட் சொன்னார். அதற்குப் பிறகு நானும் தேன்மொழியும் முகத்துக்குப் பயிற்சி எடுத்தோம். அவள் தலையில் புடைத்திருக்கும், எங்கள் முகம் தபால் பெட்டி மாதிரி இருக்கும்.

அக்கா ஒருநாள் வந்து பார்த்துவிட்டுக் கத்தினாள். "பெத்த புள்ளய இப்புடியாடா போட்டு ஒடைப்ப? ஒக்காந்துட்டிருந்த புள்ளயக் கீழ தள்ளி வேடிக்க பாக்கறீங்க ரெண்டு பேரும்!"

"ஒடையற பொருளு செய்யறது என் வேலக்கா. அது எப்புடி இருக்கும்னு எனக்குத் தெரியும். இவ ஒடைய மாட்டா. நீ வேணும்னா ஒக்காந்து பாரு, இல்லன்னா கெளம்பு."

அக்காவிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. அவள் கிளம்பவில்லை. உட்கார்ந்து, ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டாள்.

பதினெட்டாவது மாதத்தில் ஒரு மதியம் மகிழினி இடப்பக்கம் சாய்ந்தபோது, அவள் இடது கை வெளியே வந்து 'பட்' என்று ஜமுக்காளத்தில் அடித்தது. ஒரு நொடி அந்தக் கையின் மேல் நின்றாள். பிறகு கை மடங்கி விழுந்தாள். அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள், அது எங்கிருந்து வந்தது என்பது மாதிரி.

இருபத்திரண்டாவது மாதம் யூனிட்டில் இருந்தபோது தேன்மொழி போன் செய்தாள்.

"ஒக்காந்திருந்தா."

"யாரு புடிச்சிருந்தா?"

"யாரும் புடிக்கல. பருப்பு டப்பாவக் கைல வச்சி ஆட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தா. எவ்ளோ நேரம்னு தெரியல. வீடியோ எடுக்கப் போனேன், என்னப் பாத்து சிரிச்சி வுழுந்துட்டா."

"திரும்பிப் பாத்தாளா?"

"ம். என்னத்தான்."

அந்தத் தருணத்துக்குப் போட்டோ கிடையாது. நான் பார்க்கவும் இல்லை. அவள் அம்மா பார்த்தாள், அது போதும். அக்கா கோயிலுக்குப் போய் பிராதை வாபஸ் வாங்கினாள். யார் ஜெயித்தது என்று நாங்கள் இன்றுவரை பேசிக்கொள்ளவில்லை.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தத் தெரபி மையத்தில் எங்களோடு பாயில் உட்கார்ந்த சில குழந்தைகள் நடக்கவில்லை. சிலர் இன்னும் உட்காரவும் இல்லை. அவர்களுடைய அப்பா அம்மா எங்களைவிடக் குறைவாகப் பாடுபட்டவர்கள் இல்லை. காயம் எங்கே, எவ்வளவு என்பது நம் கையில் இல்லை. சில பிள்ளைகளுக்குத் தாங்கும் நாற்காலி நிஜமாகவே தேவை. அதை அவர்களைப் பார்க்கும் தெரபிஸ்ட்தான் சொல்ல வேண்டும், என்னை மாதிரி மோல்டுக்காரன் இல்லை. நான் சண்டை போடச் சொல்வது காயத்தோடு இல்லை. உங்கள் பிள்ளையை ஒரு வார்த்தையில் எழுதி மூடிவிடுகிறவர்களோடு. சமயத்தில் அந்த ஆள் நீங்களாகவே இருக்கலாம்.

மகிழினிக்கு மூன்றரை வயது. கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டைகளோடு நடக்கிறாள். முழங்கால் இரண்டும் உரச, ஒவ்வொரு அடியிலும் இடுப்பை ஒரு வெட்டு வெட்டி. தெருவில் நின்று பார்க்கிறார்கள். பார்க்கட்டும். நீளப் பாவாடை போட்டால் பட்டை தெரியாது என்று யாரோ தேன்மொழிக்கு யோசனை சொன்னார்கள். அன்றைக்கே போய் நான்கு குட்டைக் கவுன் வாங்கி வந்தாள்.

சென்ற மாதம் எங்கள் தெரு அங்கன்வாடியில் சேர்க்கப் போனோம். உள்ளே பாயில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். டீச்சர் பட்டைகளைப் பார்த்துவிட்டு அன்பாகத்தான் சொன்னார்: "நீங்களே தூக்கிட்டு வந்து ஒக்கார வச்சிடுங்க சார். பாவம், எதுக்கு நடந்துகிட்டு."

நான் குனிந்தேன். என் கை அவள் அக்குளுக்குள் போனது. மகிழினி அதைப் பிடித்துத் தள்ளினாள்.

"வுடு."

"பாப்பா, வழுக்கும்…"

"வுடுப்பா!"

உள்ளே இருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். பிறகு அடுத்த கால். டீச்சர் வாயைத் திறந்தார். தேன்மொழி அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

வாசலிலிருந்து பாய் வரைக்கும் பத்தடி இருக்கும். நடுவில் ஒருமுறை உட்கார்ந்தாள், எழுந்தாள். எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. வாரம், மாதம், திருத்திய வயது என்று எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டே வந்தவன் அந்தப் பத்தடியை எண்ண மறந்துவிட்டேன். அவள் பாயை அடைந்து, ஒரு சிறுமியை நகரச் சொல்லித் தோளால் இடித்து, இடம் பிடித்து உட்கார்ந்தாள். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் வாசலில் குனிந்தபடியே நின்றிருந்தேன். இரண்டு கைகளும் முன்னால் நீட்டியிருந்தன, ஒரு கிலோ நூற்றைம்பது கிராம் தூக்குகிற அகலத்தில். தேன்மொழி வந்து அவற்றைக் கீழே இறக்கிவிட்டாள்.